நாட்குறிப்பின் தோல் உறையும் காங்கார் மண்ணும்

"சார், இது எந்தக் கடையில வாங்கினது?" என்று ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி என் நாட்குறிப்பின் தோல் உறையைத் தடவிப் பார்த்துக் கேட்டாள். சென்ற ஆண்டு இறுதி விடுமுறையில், சிங்கப்பூர் செங்காங்கில் அக்காள் வீட்டில் உட்கார்ந்து நானே தைத்தது என்றேன். கோணல் தையலைக் காட்டிய பிறகுதான் நம்பினாள்.

முதலில் தைத்தது வீணாய்ப் போயிற்று. நோட்டைத் திறந்து வைத்து அளவெடுத்துத் தோலை வெட்டிவிட்டேன். மாட்டிப் பார்த்தால் நோட்டு மூடவே மாட்டேன் என்கிறது! மூடிவைத்து, முதுகையும் சேர்த்துச் சுற்றி அளக்க வேண்டுமாம். இரண்டாவது தோலில் குத்தூசியால் சம இடைவெளியில் துளையிட்டு, மெழுகு பூசிய நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒரே துளையில் இரண்டு ஊசியையும் எதிரெதிராக இழுத்துத் தைத்தேன். இப்படித் தைத்தால் ஓரிடத்தில் ஒரு நூல் அறுந்தாலும் மற்ற நூல் பிடித்துக்கொள்ளும்.

தைத்து முடித்த மாலை, காலாற நடந்து போனேன். பக்கத்து இலகு ரயில் நிலையத்தில் 'காங்கார்' என்று பெயர்ப் பலகை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம் ஜொகூரில் காங்கார் பூலாய் இருக்கிறதே, அதே காங்கார். இந்தச் சொல்லுக்கும் என் கையிலிருந்த தோலுக்கும் உறவு உண்டு என்பதைச் சொல்லத்தான் இக்கட்டுரை.

பச்சைத் தோல் இரண்டு நாளில் அழுகிவிடும். துவர் ஏறினால் அழுகாது. வெற்றிலையோடு கட்டக்காம்பு மெல்லும் நம் பாட்டிமாரைக் கேளுங்கள், அது நாக்கைச் சுருக்கிப் பிடிக்கும் என்பார்கள். அந்தத் துவர்தான் தோலையும் இறுக்கிப் பிடிக்கிறது. கட்டக்காம்பு என்பது கம்பிர் என்னும் கொடியின் இலைச் சாறு. 1819-ல் ராபிள்ஸ் சிங்கப்பூரில் கால் வைப்பதற்கு முன்பே அங்கே சீனர்கள் கம்பிர் பயிரிட்டிருந்தார்கள். 1830-களில் இங்கிலாந்தின் தோல் பதனிடுவோரும் சாயக்காரர்களும் கம்பிரைக் கேட்கத் தொடங்கியதும் தோட்டங்கள் பெருகின. தியோச்சியூ வணிகர் சியா யூ சின் (1805–1883) இதில் பெரும் செல்வர் ஆனார். ஆற்றோரமாய் எழுந்த இத்தகைய தோட்டக் குடியிருப்புகளுக்குத்தான் காங்கார் என்று பெயர். சிராங்கூன் ஆற்றங்கரையிலும் அப்படி ஒரு காங்கார் இருந்தது.

வேலை எப்படிப்பட்டது? இலையையும் இளந்தண்டையும் பெரிய இரும்புக் கொப்பரையில் போட்டு மணிக்கணக்கில் காய்ச்சுவார்கள். சாறு கூழ்போல் வற்றியதும் ஆறவைத்துத் துண்டு போட்டு உலர்த்துவார்கள். சக்கை மிளகுக் கொடிக்கு எரு. அடுப்புக்கு விறகு வேண்டுமே, சுற்றியிருந்த காடெல்லாம் அடுப்பில் எரிந்தது. காட்டோரத்தில் வேலை செய்தவர்களைப் புலி அடித்தது. செய்தி பரவினால் ஆள் வரமாட்டார்கள் என்று சில முதலாளிகள் சாவை மறைத்தார்களாம்! பதினைந்து இருபது ஆண்டில் மண்ணும் சத்திழந்துவிடும். பிறகு அடுத்த காடு. 1844 முதல் ஜொகூர் தெமங்கோங் ஆற்றுக்கு ஓர் உரிமைச் சீட்டு கொடுத்துச் சீனர்களை வரவழைத்தார். ஆற்றுத் தலைவர்கள் ஆண்ட இந்த முறை 1917-ல்தான் சட்டப்படி ஒழிந்தது. அதற்குள் கம்பிருக்கு மவுசு குறைந்து, ரப்பர் வந்துவிட்டது. ரப்பரோடு நம் பாட்டன்மாரும் வந்தார்கள். செங்காங்கை ஒட்டிய புவாங்கோக் என்ற இடப்பெயரே ஒரு ரப்பர்த் தோட்டக் கம்பெனியின் சீனப் பெயரிலிருந்து வந்ததுதான்.

நிற்க. நான் வாங்கிய தோல் தமிழ்நாட்டிலிருந்து வந்தது என்று கடைக்காரர் சொன்னார். அங்கே கம்பிர் கிடையாது, ஆவாரம்பட்டைதான் துவர். வாணியம்பாடி, ஆம்பூர், திண்டுக்கல் பக்கத்தில் ஆவாரம்பட்டையில் ஊறவைத்து, கடைசியில் கடுக்காய் நீர் காட்டிய ஆட்டுத் தோலும் மாட்டுத் தோலும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கப்பல் கப்பலாய் இலண்டன் போயின. அவற்றில் புத்தக அட்டையும் கட்டினார்கள். ஆனால் சில பத்தாண்டுகளில் அட்டைகள் செம்பொடியாய் உதிரத் தொடங்கின. ஏன் என்று ஆராய இலண்டன் கலைச் சங்கம் அமர்த்திய குழு, 1901-ல் தன் முடிவைச் சொன்னது: ஆவாரை இனத் துவரில் பதனிட்ட தோல் புத்தகத்துக்கு ஆகாது, சுமாக் என்னும் இலைத் துவரே நல்லது என்று. கம்பிரும் வேதியியல்படி ஆவாரையின் இனந்தான்.

இதைப் படித்தபோது எனக்கு வருத்தமாய் இருந்தது. கொப்பரையடியில் வெந்தவர் பெயரும் சரி, சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி மயிர் களைந்தவர் பெயரும் சரி, எந்த அட்டையிலும் இல்லை. பொன்னெழுத்து ஆசிரியருக்கு மட்டும். நம் ஊரிலோ இன்னும் மோசம். தோல் வேலை செய்தவரை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு, அவர் பதனிட்ட தோலில் கட்டிய புத்தகத்தை மட்டும் வீட்டுக்குள் வைத்துக்கொண்டோம். இந்தத் தோட்டத்திலும் அந்தப் பேச்சு அடியோடு போய்விட்டதாக நான் சொல்லமாட்டேன்.

போன மாதம் வகுப்பில் ஒரு சோதனை செய்தோம். துருப்பிடித்த ஆணியைப் புளிக்காடியில் ஊறவைத்து, அந்த நீரை மிச்சத் தோலில் ஒரு சொட்டு விட்டேன். கண்ணெதிரே கறுத்தது. துவரும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு. கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து நம் முன்னோர் மை காய்ச்சியதும் இப்படித்தான். உள்ளே எழுதும் மையும் வெளியே மூடும் தோலும் ஒரே துவரின் வேலை என்றதும் பிள்ளைகள் வாய் பிளந்தார்கள்.

மிச்சத் தோலில் ஆறு சிறிய உறைகள் வந்தன. அவற்றை ஆறாம் வகுப்புப் பிள்ளைகளே தைத்தார்கள். உள்ளே நோட்டில் என்ன எழுதுவது என்று கேட்டார்கள். உங்கள் தாத்தா பாட்டி எந்த ஆண்டு, எந்தத் தோட்டத்துக்கு, யாரோடு வந்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள் என்றேன். இதுவரை நான்கு நோட்டுகள் திரும்பி வந்துள்ளன. இரண்டு வீடுகளில் பாட்டிமார் இன்னும் சொல்லி முடிக்கவில்லையாம்.