செங்கல்பட்டுச் சீமையில் அடிமை ஒழிப்பு

செங்கல்பட்டுச் சீமையில் அடிமை ஒழிப்பு என்பது இன்றைய அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி உள்ளிட்ட பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் பண்ணை அடிமை முறையும் கடன்வழிக் கொத்தடிமை முறையும் சட்டத்தால் நீக்கப்பட்ட வரலாற்றைக் குறிக்கும். இதில் இரண்டு சட்டங்கள் முதன்மையானவை. ஒன்று, எல்லன்பரோ பிரபு தலைமை ஆளுநராக இருந்தபோது வந்த 1843ஆம் ஆண்டின் 5ஆம் சட்டம். மற்றது, இந்திரா காந்தி அரசு கொண்டுவந்த 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம். இருவருமே போரை நடத்திய தலைவர்கள். ஆயினும் அமெரிக்காவில் ஆபிரகாம் லிங்கன் 1863 ஜனவரி 1 அன்று வெளியிட்ட விடுதலைப் பிரகடனம் ஒரு போர் நடவடிக்கையாக அமைந்ததுபோல், இங்கு அடிமை ஒழிப்பு எந்தப் போரின் பகுதியாகவும் நடக்கவில்லை.

பின்னணி

மனிதரை எழுதிக்கொடுக்கும் வழக்கம் தமிழகத்தில் பழமையானது. மக்கள் தம்மையும் தம் குடும்பத்தையும் கோயிலுக்கு விற்றுக்கொண்டதைச் சோழர் காலக் கல்வெட்டுகள் பதிந்துள்ளன. திருவெண்ணெய்நல்லூரில் முதியவர் ஒருவர் ஆளோலையைக் காட்டிச் சுந்தரரைத் தம் அடிமை என வழக்காடிய கதையைப் பெரியபுராணம் சொல்கிறது. அப்படியோர் ஓலை அவையில் செல்லுபடியாகும் என்பது அந்தக் கதைக்குள் இயல்பாகவே கொள்ளப்படுகிறது.

ஆர்க்காடு நவாப் முகமது அலி 1763இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்த பகுதியே பின்னாளில் செங்கல்பட்டு மாவட்டமானது. ஏரிப் பாசன நெல் ஊர்கள் நிறைந்த சீமை இது. நிலவுரிமை பெரும்பாலும் வேளாளர் முதலிய மிராசுதாரர்களிடம் இருந்தது. உழவும் நடவும் அறுவடையும் பெருமளவு பறையர் சமூகத்தினரின் உழைப்பில் நடந்தன. மிராசுதாரரிடம் கடன்பட்டு, நாள்கூலியாகத் தானியம் அளந்து வாங்கிக்கொண்டு வேலை செய்தவர் படியாள் எனப்பட்டார். கடன் தீரும்வரை அவர் வேறு இடத்துக்கு வேலைக்குப் போக முடியாது. தந்தையின் கடன் மகன்மேல் ஏறுவதும் உண்டு. சென்னை வருவாய் வாரியம் 1819இல் மாவட்டக் கலெக்டர்களிடம் அடிமை நிலை பற்றி அறிக்கை கேட்டது. ஆனால் வேளாண்மையும் நிலவரி வசூலும் குலையும் என்ற அச்சத்தால் கம்பெனி அரசு பெரிதாகக் கைவைக்கவில்லை.

எல்லன்பரோவும் 1843ஆம் ஆண்டுச் சட்டமும்

பிரிட்டிஷ் பேரரசில் அடிமை முறையை ஒழித்த 1833ஆம் ஆண்டுச் சட்டம், கம்பெனி ஆண்ட பகுதிகளையும் இலங்கையையும் விலக்கி வைத்தது. அதே ஆண்டின் பட்டயச் சட்டம், இந்தியாவில் அடிமைகளின் நிலையைத் தணிக்க வழிகாணுமாறு தலைமை ஆளுநரைப் பணித்தது. இந்தியச் சட்ட ஆணையம் இதுகுறித்து 1841இல் விரிவான அறிக்கை அளித்தது.

எல்லன்பரோ 1842 பிப்ரவரியில் கல்கத்தாவில் பொறுப்பேற்றார். காபூலிலிருந்து பின்வாங்கிய பிரிட்டிஷ் படை அதற்கு முந்தைய மாதம்தான் அழிந்திருந்தது. அவருடைய ஆட்சிக்காலம் ஆப்கன் போரிலும் 1843ஆம் ஆண்டின் சிந்து கைப்பற்றலிலும் குவாலியர் போரிலும் கழிந்தது. அவர் வட இந்தியாவில் இருந்த மாதங்களில் கல்கத்தா ஆட்சிமன்றத்துக்குத் தலைமை வகித்தவர் வில்லியம் வில்பர்போர்ஸ் பேர்டு. சட்டம் 1843 ஏப்ரல் 7 அன்று நிறைவேறியதில் பேர்டின் பங்கு பெரிது. எனவே அது எல்லன்பரோ ஆட்சியில் வந்த சட்டம் என்பது பொருந்தும். அவர் ஒருவரின் சாதனை என்பது பொருந்தாது.

சட்டத்தில் நான்கு பிரிவுகளே இருந்தன:

1. நீதிமன்றத் தீர்ப்பை நிறைவேற்றவோ வரி, வாரம் வசூலிக்கவோ எந்த அதிகாரியும் ஒருவரை அடிமை என்று சொல்லி விற்கக் கூடாது.
2. அடிமை மீதான உடைமை உரிமையை எந்த நீதிமன்றமும் நிலைநாட்டித் தராது.
3. தன் உழைப்பில் ஈட்டிய சொத்தை, அடிமை என்ற காரணத்தால் யாரும் இழக்க வேண்டியதில்லை.
4. சுதந்திர மனிதருக்கு இழைத்தால் குற்றமாகும் செயல், அடிமைக்கு இழைத்தாலும் குற்றமே.

அடிமை முறை ஒழிந்தது என்று சட்டம் எங்கும் அறிவிக்கவில்லை. அரசு அதற்குக் காவல் நிற்பதை மட்டும் நிறுத்திக்கொண்டது. அடிமையை வாங்குவதும் விற்பதும் 1862இல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 370ஆம் பிரிவால் குற்றமாயின. இலங்கையில் 1844ஆம் ஆண்டின் அவசரச் சட்டமும், திருவிதாங்கூரில் 1855ஆம் ஆண்டின் பிரகடனமும் அடிமை முறையை முடித்துவைத்தன.

சட்டம் தொடாத இடங்கள்

செங்கல்பட்டுச் சீமையில் படியாளைக் கட்டிவைத்தவை கடனும் குடியிருப்பும். 1843ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டையும் தொடவில்லை. சேரி மனை மிராசுதாரருக்கு உரியது என்று கருதப்பட்ட ஊர்களில், வேலையை விட்டவர் வீட்டையும் விட வேண்டியிருந்தது.

மாவட்டக் கலெக்டர் டிரெமென்ஹீர் 1891இல் அளித்த அறிக்கை இந்தக் கட்டுகளை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. ஒடுக்கப்பட்ட மக்களுக்கு வீட்டுமனையும் விளைநிலமும் வழங்க வேண்டும் என்று அவர் பரிந்துரைத்தார். அதன் தொடர்ச்சியாக 1892இல் பிறந்த அரசாணையே பஞ்சமி நிலங்களுக்கு அடிப்படை. குறிப்பிட்ட காலம்வரை அந்த நிலத்தை விற்கக் கூடாது; அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட சமூகத்தினருக்கே விற்கலாம் என்பது நிபந்தனை. இருந்தும் ஏராளமான நிலம் கைமாறியது. அதை மீட்கக் கோரிச் செங்கல்பட்டு மாவட்டம் காரணையில் 1994இல் நடந்த போராட்டத்தைத் தொடர்ந்து, காவல்துறைத் துப்பாக்கிச்சூட்டில் இருவர் உயிரிழந்தனர். நில உடைமையாளரின் மனையில் குடியிருந்த வேளாண் தொழிலாளருக்கு அந்த இடத்தைச் சொந்தமாக்கும் குடியிருப்புச் சட்டம் தமிழ்நாட்டில் 1971இல்தான் வந்தது.

இந்திரா காந்தியும் 1976ஆம் ஆண்டுச் சட்டமும்

அரசமைப்பின் 23ஆம் பிரிவு கட்டாய உழைப்பைத் தடை செய்திருந்தும், அதைச் செயல்படுத்த நாடு முழுமைக்குமான தனிச்சட்டம் கால் நூற்றாண்டுக்கு இல்லை. 1971ஆம் ஆண்டின் வங்கதேசப் போரில் நாட்டை வழிநடத்திய இந்திரா காந்தி, 1975 ஜூனில் நெருக்கடி நிலையை அறிவித்தார். அடுத்த வாரமே வெளியான இருபது அம்சத் திட்டத்தில் கொத்தடிமை ஒழிப்பும் இடம்பெற்றது. அக்டோபர் 24 அன்று அவசரச் சட்டம் பிறந்தது. 1976 பிப்ரவரி 9 அன்று அது முழுச்சட்டமானது. குடிமக்களின் உரிமைகள் முடக்கப்பட்டிருந்த காலத்தில் இப்படியொரு விடுதலைச் சட்டம் வந்தது வரலாற்று முரண்.

1843ஆம் ஆண்டுச் சட்டம் விட்ட இடத்தை இது பிடித்தது. கொத்தடிமையின் கடன் முழுவதும் ரத்து. வழக்கு வந்தால், அது கொத்தடிமைக் கடன் அல்ல என்று கடன் கொடுத்தவரே மெய்ப்பிக்க வேண்டும். விடுவிக்கப்பட்டவரை அவர் குடியிருக்கும் வீட்டிலிருந்து வெளியேற்றக் கூடாது. மீறுவோருக்கு மூன்றாண்டு வரை சிறையும் 2,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. செயல்படுத்தும் பொறுப்பு மாவட்ட ஆட்சியருடையது. குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவதும் கட்டாய உழைப்பே என்று உச்ச நீதிமன்றம் 1982இல் தீர்ப்பளித்தது.

சென்னையின் மேற்குப் புறநகரில் இன்று

அம்பத்தூரும் ஆவடியும் தொழிற்சாலை நகரங்களாகிவிட்டன. சுற்றியுள்ள திருவள்ளூர் மாவட்டத்தில் கொத்தடிமை முறை, வயலிலிருந்து செங்கல் சூளைக்கும் செங்குன்றம் வட்டார அரிசி ஆலைகளுக்கும் இடம் மாறியது. மீட்கப்பட்டவர்களில் இருளர் பழங்குடியினரும் ஒடிசாவிலிருந்து அழைத்துவரப்பட்டவர்களும் உண்டு.

பழைய படியாள் கடனின் வேலையைச் செங்கல் சூளைகளில் முன்பணம் செய்கிறது. பருவத் தொடக்கத்தில் குடும்பத்துக்கே சேர்த்து ஒரு தொகை கொடுக்கப்படும். கல் அறுப்பதற்கு ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. வாராவாரம் கைக்குக் கிடைப்பது சாப்பாட்டுச் செலவுக்கான பணம்தான். மீதிக் கணக்கு முதலாளியின் நோட்டில் இருக்கும். மழையில் பச்சைக்கல் கரைந்தால் அதற்குக் கூலி கிடைக்காமல் போவதும் உண்டு. ஊரில் சாவு என்றாலும் குடும்பத்தில் ஒருவரைப் பிணைபோல் நிறுத்திவிட்டுத்தான் மற்றவர் போக முடியும்.

புகார் வந்தால் கோட்டாட்சியர் விசாரித்து விடுதலைச் சான்றிதழ் வழங்குகிறார். கடன் ரத்தானதற்கு அந்தத் தாளே ஆதாரம். மத்திய அரசின் மறுவாழ்வு உதவிக்கும் அது தேவை. மீட்கப்பட்ட இருளர் குடும்பங்களைக் கொண்டு திருவள்ளூர் மாவட்ட நிர்வாகம் 2022இல் மெய்யூரில் ஒரு செங்கல் சூளையைத் தொடங்கியது. அங்கே கல் அறுப்பவர்களே உரிமையாளர்கள். கணக்கு நோட்டும் அவர்களுடையதே.