பகைவர் எழுதிய வரலாறு: களப்பிரரும் பிக்தரும்

தம் வரலாற்றைத் தாமே எழுதிவையாத மக்களின் வரலாறு பெரும்பாலும் அவர்தம் பகைவர் வாயிலாகவே பின்வந்தோரை எய்துகின்றது. அதனை எவ்வளவு நம்பலாம், எங்ஙனம் ஆராயலாம் என்பதே ஈண்டு எடுத்துக்கொண்ட வினா. தமிழகத்துக் களப்பிரரும், இன்றைய இசுக்கொத்துலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் வாழ்ந்த பிக்தரும் இவ்வாராய்ச்சிக்குத் தக்க எடுத்துக்காட்டாவர்.

சங்ககாலத்தின் இறுதிக்கும், கி. பி. ஆறாம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் பாண்டியன் கடுங்கோனும் பல்லவன் சிம்மவிட்டுணுவும் தலையெடுத்தமைக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகளை வரலாற்றாசிரியர் பலர் ‘இருண்ட காலம்’ என்றனர். இக்கருத்துக்குப் பெருஞ்சான்றாய் நின்றது வேள்விக்குடிச் செப்பேடு. பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி கொற்கைகிழான் நற்கொற்றனுக்கு வேள்விக்குடியை ஈந்தான் என்றும், களப்பிரன் அதனைக் கவர்ந்தான் என்றும், கடுங்கோன் களப்பிரரை வென்று நாட்டை மீட்டான் என்றும் அது கூறும். களப்பிரனைக் ‘கலியரசன்’ என்றும் பழிக்கும்.

ஆயின், இச்செப்பேடு எழுந்த சூழலை நோக்குதல் வேண்டும். இது கடுங்கோனுக்கு ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகள் பிற்பட்டுப் பராந்தகன் நெடுஞ்சடையனின் மூன்றாம் ஆட்சியாண்டில், ஏறக்குறைய கி. பி. 770 இல், எழுதப்பட்டது. நற்கொற்றனின் வழித்தோன்றல் முன்னோர் நிலத்தைக் கேட்டு முறையிட, மன்னன் உரிமைக்குச் சான்று கேட்டு, அது காட்டப்பட்டபின் வழங்கிய ஆவணம் இது. எனவே, இதிற் பேசுவோர் இருவர்: வென்ற குலத்து மன்னனும், நிலம் வேண்டி நின்றவனும். களப்பிரர் குரல் இதில் இல்லை.

அக்குரல் பிறிதோரிடத்திற் கேட்கலாயிற்று. 1979 இற் சிவகங்கைப் பகுதியிலுள்ள பூலாங்குறிச்சியில் கண்டறியப்பட்ட பாறைக் கல்வெட்டுகள் சேந்தன் கூற்றன் என்னும் அரசனைக் குறிக்கின்றன. அறிஞர் பலர் அவனைக் களப்பிரனாகக் கொள்வர். அக்கல்வெட்டிற் பிரமதாயமும் தேவகுலமும் தாபதப் பள்ளியும் ஒருங்கே பேசப்படுகின்றன. பிராமணர் நிலத்தைப் பறித்ததே அம்மரபின் இயல்பு எனின், இக்கல்வெட்டுக்கு யாது விடை கூறுவது? மேலும், அநுராதபுர மகாவிகாரையிற் பயின்ற புத்ததத்தர் காவிரி நாட்டிலிருந்து நூல் செய்தபொழுது, அங்கு ஆண்ட அச்சுதவிக்கந்தனைக் களப்பிர குலத்தவனாகப் போற்றினார். பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுட் பல இக்காலத்தன என்பாரும் உளர். மயிலை சீனி. வேங்கடசாமி 1975 இற் ‘களப்பிரர் ஆட்சியில் தமிழகம்’ என்னும் நூலை வெளியிட்டார்.

இதனாற் களப்பிரர் குற்றமற்றவர் என முடித்தலும் பொருந்தாது. மதுரையைக் கைப்பற்றிய வடுகக் கருநாடர் மன்னன் மூர்த்தி நாயனாருக்குச் சந்தனம் கிடையாவண்ணம் தடுத்தான் என்று பெரியபுராணம் கூறும். அவனைக் களப்பிரன் எனக் கருதுவோர் உளர். வேள்விக்குடி நிலமும் மெய்யாகவே பறிக்கப்பட்டிருக்கலாம். ஓரிடத்துப் பறித்தவர் மற்றோரிடத்துக் காத்திருத்தலும் அரசியலில் இயல்பே.

இனிப் பிக்தரை நோக்குவோம். ‘வண்ணந் தீட்டியோர்’ எனப் பொருள்படும் அப்பெயர் கி. பி. 297 அளவில் இலத்தீன் புகழுரையொன்றில் முதன்முதற் காணப்படுகின்றது. ஆறாம் நூற்றாண்டுத் துறவி கில்தாசு அவர்களைக் கொள்ளையடிக்கும் கொடியராகவே வரைந்தார். ஆயின், அவர் தாமே நாட்டிய கற்களில் நுண்ணிய சின்னங்கள் பொறிக்கப்பட்டுள்ளன. போர்ட்மாகோமாக் என்னுமிடத்தில் 1994 முதல் நிகழ்ந்த அகழ்வாய்வு, ஏடெழுதுதற்குத் தோல் பதப்படுத்திய துறவியர் மடமொன்றை வெளிப்படுத்திற்று. நூலறியாக் கொடியர் என்னும் சித்திரம் இதன்முன் நில்லாது.

கி. பி. 731 இற் பீடர் எழுதி முடித்த வரலாற்றில், அரசுரிமையில் ஐயம் எழுந்தவிடத்துப் பிக்தர் ஆண்வழியினும் பெண்வழியையே விரும்பித் தேர்ந்தனர் என்றொரு செய்தி உளது. இதனை ஏற்போரும் மறுப்போரும் இன்றும் உளர். தாய்வழிக் குடிமுறையும், கோயிலுரிமைகள் குடிதோறும் வகுக்கப்பட்டிருத்தலும் மட்டக்களப்பு வாவிக்கரையிற் பிறந்த நமக்குப் புதியன அல்ல. பிறர்க்கு விந்தையாய்த் தோன்றும் வழக்கொன்றை உள்ளிருந்து அறிந்தவர், அச்செய்தியை எள்ளி ஒதுக்கார். ஆயினும், நம்மிடத்து உள்ளமையால் அங்கும் இருந்ததென்று துணிதலும் தவறாகும்.

இவ்வாராய்ச்சி முறை நம் நாட்டுக்கும் உரியது. 1962 இல் எஃப். எக்ஸ். சி. நடராசா பதிப்பித்த ‘மட்டக்களப்பு மான்மியம்’ போன்றன கிடைத்திருத்தல் நம் பேறு. அவற்றையும் யார், எப்பொழுது, எவ்வுரிமையை நிலைநாட்ட எழுதினர் என்று வினவியே பயிலுதல் வேண்டும். பெரியகல்லாறு முதலாய ஊர்களின் கோயிலேடுகளையும், குடிவழக்குகளையும், முதியோர் வாய்மொழிகளையும் மாணவர் இன்றே தொகுப்பாராக. நம்மைப் பற்றி நாம் எழுதாது விட்டதைப் பிறர் எழுதுவர். அவர் எழுதியதே நாளை வரலாறென நின்றுவிடும்.