தேம்ஸ் நதியின் பர்ல் படகுகள்

பீர் என்றவுடன் பனிக்கட்டியில் குளிரவைத்த பானமே இக்காலத்தார் நினைவுக்கு வருமாயினும், நூற்றைம்பது இருநூறு வருஷங்களுக்கு முன்பு லண்டன் மாநகரத்து ஏழைத் தொழிலாளி குளிர்கால விடியலில் விரும்பிப் பருகியது, ஆவி பறக்கச் சுடவைத்து, ஜின்னும் சர்க்கரையும் இஞ்சியும் கலந்த பீரையே ஆகும். பர்ல் என்பது அதன் பெயர்.

ஆதியில் அது ஜின் சேராத பானம். வார்ம்வுட் என்னும் கசப்புப் பூண்டை ஏல் என்ற பீர் வகையில் ஊறவைத்து, வயிற்றுக்கு நல்லதென்று காலையில் கஷாயம் போல் அருந்தி வந்தார்கள். நம் மரிக்கொழுந்தும் அப்பூண்டும் ஒரே இனத்தவையே. ஆயினும் மரிக்கொழுந்தின் வாசனையை மட்டும் அறிந்தவர்கள் வார்ம்வுட்டின் கடுங்கசப்பை ஊகிக்கவும் மாட்டார்கள். நாட்குறிப்பினால் புகழ்பெற்ற சாமுவேல் பீப்ஸ், 1660-ஆம் வருஷத்திலேயே தாம் ஒரு நாள் காலையில் பர்ல் அருந்தியதை எழுதி வைத்திருக்கிறார். பதினெட்டாம் நூற்றாண்டில் லண்டனில் ஜின் மலிந்து கிடந்தது. காலப்போக்கில் பூண்டு விலகி, ஜின் அந்த ஸ்தானத்தைப் பிடித்துக்கொண்டது.

ஆனால் பர்லின் சரித்திரத்தில் என் மனத்தை ஈர்ப்பது கரையிலிருந்த கடைகளல்ல, நதியில் நடந்த வியாபாரம். லண்டன் பாலத்துக்குக் கிழக்கே, நியூகாஸில் முதலிய வடபுலத்துத் துறைமுகங்களிலிருந்து நிலக்கரி ஏற்றி வந்த கப்பல்கள் நடுநதியில் வரிசை வரிசையாக நங்கூரமிட்டு நிற்கும். அவற்றில் வேலை செய்தவர்கள் கரைக்குப் போய்த் தாகம் தீர்த்து வர அவகாசம் இல்லாமையால், பர்ல்காரன் சிறு படகில் அவர்களைத் தேடி வந்தான். பீர் பீப்பாய்கள், ஜின், இரும்புச் சட்டியில் கனலும் நெருப்பு, சுடவைக்கத் தகரப் பாத்திரம், கையில் ஒரு மணி: இவ்வளவே அவனுடைய மூலதனம். மூடுபனி கவிந்த காலங்களில் பக்கத்துக் கப்பல்கூடக் கண்ணுக்குத் தென்படாது. மணியோசை கேட்டுத்தான் மாலுமிகள் அவனைக் கூவி அழைப்பார்கள். நதித் திருட்டுக்கு இத்தகைய படகுகள் துணைபோகின்றன என்ற சந்தேகம் அதிகாரிகளுக்கு நெடுநாளாக இருந்தமையால், உரிமம் பெற்றே அவன் தொழில் நடத்த வேண்டியிருந்தது.

அவனிடம் வாங்கிக் குடித்தவர்களில் நிலக்கரி இறக்கும் கூலிகளின் பாடு தனியே சொல்லத்தக்கது. ஒன்பது பேர் கொண்ட கூட்டத்தில் நால்வர் கப்பலின் அடிவயிற்றில் நின்று கூடையை நிரப்புவார்கள். மேல்தளத்தில் நால்வர் ஆளுக்கொரு கயிற்றைப் பற்றியபடி ஏணி போன்ற படிகளில் ஏறி, நால்வரும் ஒரே கணத்தில் கீழே குதிப்பார்கள். அந்த வேகத்தில் கூடை விர்ரென்று மேலே வர, ஒன்பதாமவன் அதைப் பிடித்துக் கவிழ்ப்பான். நாள் முழுவதும் இதே ஏற்றமும் குதிப்பும். மூக்கிலும் தொண்டையிலும் கரித்தூள், உடம்பில் வியர்வை, வெளியே வாடைக்காற்று. இந்நிலையிலுள்ள மனிதன் சூடான பானத்தை நாடியதில் வியப்பென்ன?

எனினும் தாகம் மட்டுமே அவர்களைக் குடிக்க வைக்கவில்லை. கப்பல்களுக்குக் கூலியாட்களை அமர்த்தும் அதிகாரம் நதிக்கரை மதுக்கடைக்காரர்களிடம் சிக்கியிருந்தது. அவர்கள் கடையில் தாராளமாகக் குடிப்பவனுக்கே வேலை, குடிக்காதவன் வீட்டுக்குப் போகலாம். கூலியில் பெரும்பகுதி கடைக் கணக்கிலேயே கரைந்துபோகும். இந்தக் கொடுமையை ஒழிக்க 1843-இல் பார்லிமெண்ட் சட்டம் இயற்றி, கூலிகளைப் பதிவு செய்து வேலை தர ஓர் அலுவலகத்தை ஏற்படுத்தியது. அச்சட்டத்துக்காகப் பாடுபட்டவர், பின்னாளில் பிரதம மந்திரியான கிளாட்ஸ்டன். அவருடைய நீண்ட அரசியல் வாழ்வின் பெருஞ்செயல்களுக்கிடையே இது சிறியதாகத் தோன்றலாம். என் மதிப்பில் அவற்றில் எதற்கும் இது தாழ்ந்ததன்று. சில வருஷங்களுக்குப் பின் லண்டன் ஏழைகளைப் பற்றி ஆராய்ந்த ஹென்றி மேஹ்யூ, இக்கூலிகளையும் பர்ல்காரர்களையும் நேரில் விசாரித்து எழுதினார். மதுவை அறவே விட்ட கூலிகள், தாங்கள் முன்னிலும் திடமாக உழைப்பதாகவே அவரிடம் கூறினார்கள்.

பர்லை இலக்கியத்தில் நிலைநிறுத்தியவர் டிக்கென்ஸ். 1864, 65-ஆம் வருஷங்களில் வெளிவந்த ‘அவர் மியூச்சுவல் ஃபிரண்ட்’ நாவலில், தேம்ஸ் கரையிலுள்ள ஒரு மதுக்கடையில் இத்தகைய பானங்களைச் சுடவைக்கும் கூம்பு வடிவத் தகரப் பாத்திரங்களை அவர் வர்ணிக்கிறார். அவற்றின் கூர்நுனி கனலுக்குள் ஆழப் புதைந்து, பானம் விரைவில் சூடேறும்.

அந்நாவல் வெளிவந்த காலத்திலேயே நதியின் தொழில் மாறத் தொடங்கிவிட்டது. நிலக்கரி ரயிலில் வந்து இறங்கிற்று. கப்பலில் வந்ததையும் நீர்விசையால் இயங்கும் பாரந்தூக்கிகள் இறக்கின. படிகளில் ஏறிக் குதித்த கூலிகளுக்கு வேலை அற்றபோது, அவர்களை நம்பியிருந்த பர்ல்காரனுக்கும் நதியில் பிழைப்பு இல்லாமல் போயிற்று.