ஏரிக்கு யார் பொறுப்பு?

தமிழ்நாட்டின் சுமார் 39,000 ஏரி, கண்மாய்களில் பல தூர்ந்துபோனதற்கு மழைக்குறைவையும் மக்களின் அலட்சியத்தையும் காரணம் சொல்வது வழக்கம். ஆனால் மழை பொய்த்த ஆண்டுகள் சோழர் காலத்திலும் உண்டு. ஏரியின் வருமானமும் அதைக் காக்கும் வேலையும் யார் கையில் இருந்தன என்று பார்த்தால்தான் விஷயம் விளங்கும். சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) ஊர்ச் சபையின் ஏரிப் பராமரிப்புக் குழுவான ஏரி வாரியத்துக்கு ஆள் எடுக்கும் முறையை விரிவாகச் சொல்கின்றன. குடத்தில் ஓலையிட்டுக் குலுக்கி எடுக்கும் குடவோலையில் பெயர் இடப்படுபவருக்கு வரி கட்டும் சொந்த நிலம் வேண்டும். பதவி 360 நாள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் அடியோடு விலக்கப்பட்டனர். ஏரித் தண்ணீரில் விளைவிப்பவர்களே அதற்குப் பொறுப்பாளிகள்.

ஆங்கிலேயர் ஆட்சியில் இந்தக் கட்டு அவிழ்ந்தது. ஏரிப் பராமரிப்புக்கு விட்ட மானியங்கள் பல அரசின் வருவாய்க் கணக்கில் சேர்ந்தன. மராமத்துக் கடமையோ ஊரின் தலையிலேயே நின்றது. 1858-ஆம் ஆண்டின் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டப்படி, கரை உடையும் ஆபத்தில் உழைக்கும் வகுப்பாரை வலுவில் வேலைக்கு அழைக்கலாம். ஊரார் கூடிச் செய்யும் வழக்கமான பராமரிப்பு வேலையான குடிமராமத்துக்கு வராதவரிடம் வேலை மதிப்பைப்போல் இருமடங்கு வசூலிக்கலாம். வரவை எடுத்துக்கொண்டு வேலையை மட்டும் சட்டத்தால் வாங்கும் ஏற்பாடு நிலைக்கவில்லை. விடுதலைக்குப் பின் 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டுள்ள ஏரிகள் பொதுப்பணித் துறைக்கும் சிறியவை ஊராட்சி ஒன்றியங்களுக்கும் போயின. ஏரியின் மீன் குத்தகைப் பணம் அதன் மதகைப் பழுதுபார்க்கத் திரும்பி வரும் என்ற உறுதி இல்லை. தன் வயலுக்கு வண்டல் அள்ளவும் விவசாயி கனிம விதிகளின்படி அனுமதி கேட்க வேண்டியதாயிற்று.

பழைய ஏற்பாடு நியாயமானதா என்று கேட்பவர்களின் கேள்வி சரியானது. உத்திரமேரூர்ச் சபையில் நிலமற்றவருக்கு இடமில்லை. மடை திறந்து வயல்தோறும் நீர் பாய்ச்சிய நீர்க்கட்டிகள் பல ஊர்களில் தலித்துகள். அவர்களுக்கு வேலை இருந்தது, முடிவெடுக்கும் உரிமை இல்லை. ஆகவே அந்தச் சபையை அப்படியே மீட்பது தீர்வாகாது. ஆனாலும் வரவும் பொறுப்பும் கணக்கும் ஓரிடத்தில் இருக்க வேண்டும் என்ற பாடத்தை அந்த அநீதி பொய்யாக்கிவிடாது. பம்புசெட் வந்ததால்தான் ஏரி கைவிடப்பட்டது என்பது இன்னொரு வாதம். கிணறு வைத்திருப்பவருக்கு ஏரியின் மேல் அக்கறை குறைந்தது உண்மை. ஆனால் அந்த மோட்டாரை ஓட்டிய இலவச மின்சாரமும் அரசு வகுத்த விதிதான்: தனித்தனியே நீர் இறைக்க அது உதவியது, சேர்ந்து ஏரியைக் காக்க அதற்கு ஈடான உதவி ஏதும் இல்லை. 2017-இல் குடிமராமத்து என்ற பெயரிலேயே அரசுத் திட்டம் ஒன்று வந்தது. அதில் எத்தனை லோடு மண் அள்ளினார்கள் என்பதைவிட, மீன் குத்தகைப் பணம் யாரிடம் சேர்கிறது, நிலமற்றவரும் கேள்வி கேட்கும்படி அதன் கணக்கு ஊர்நடுவே வாசிக்கப்படுகிறதா என்பவையே அந்த ஏரிகளின் ஆயுளைத் தீர்மானிக்கும்.