பத்திரம் பதிந்துவிட்டால் வீடு நம்முடையதா?

"அதான் ரிஜிஸ்டர் ஆயிடுச்சே, இனி என்ன பயம்?" வீடு வாங்கியவர்கள் வழக்கமாகச் சொல்வது இது. ஆனால் பதிவுத்துறை எந்தக் காலத்திலும் அப்படி ஒரு உறுதியை யாருக்கும் தந்ததில்லை! ஏன் என்று தெரிய இருநூறு வருடம் பின்னால் போக வேண்டும்.

சென்னை மாகாணத்தில் சொத்துப் பத்திரங்களைப் பதிய 1802-லேயே கம்பெனி அரசு ஒரு சட்டம் போட்டது. 1864-ல் வந்த சட்டம் பதிவைக் கட்டாயமாக்கியது. 1882-ன் சொத்து மாற்றுச் சட்டம், நூறு ரூபாய்க்கும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தைப் பதிவுப் பத்திரம் மூலம்தான் விற்க வேண்டும் என்றது. (அந்த நூறு ரூபாய் இன்னும் மாறவில்லை. இன்று நூறு ரூபாய்க்கு ஒரு பிடி மண்ணாவது கிடைக்குமா?) பிறகு 1908-ன் பதிவுச் சட்டம்.

இவை எல்லாமே பதிவு செய்வது பத்திரத்தைத்தான், உரிமையை அல்ல. கையெழுத்துப் போட்டவர் அவர்தானா, அதை ஒப்புக்கொள்கிறாரா, முத்திரைக் கட்டணம் சரியா என்று சார்பதிவாளர் பார்ப்பார். விற்பவருக்கு அந்த வீடு உண்மையில் சொந்தமா என்பது அவர் வேலை இல்லை.

வேறு வழி அப்போதே இருந்தது. தெற்கு ஆஸ்திரேலியாவில் சுங்க அதிகாரியாக இருந்த ராபர்ட் டாரன்ஸ் கொண்டுவந்த சட்டம் 1858-ல் நடைமுறைக்கு வந்தது. அங்கே அரசுப் பதிவேட்டில் யார் பெயரோ அவரே உரிமையாளர். அதற்கு அரசே பொறுப்பு. நம் ஊரிலும் அதே பிரிட்டிஷ் ஆட்சிதான், ஆனால் அந்தப் பொறுப்பை இங்கே அரசு ஏற்கவில்லை. வாங்குபவன் தலையில் கட்டிவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பி.காம் வகுப்பில் சரக்கு விற்பனைச் சட்டம் 1930 படிக்கும்போது முதலில் சொல்லித் தருவது, தன்னிடம் இல்லாத உரிமையை ஒருவர் இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது என்பதுதான். வீட்டுக்கும் அதே கதை. இருபது வருடத்துக்கு முந்தைய கிரயம் ஓட்டை என்றால் அதற்குப் பின் வந்த எல்லாப் பத்திரமும் ஆட்டம் காணும்.

வில்லங்கச் சான்று இருக்கிறதே என்பீர்கள். பதிவானதுதான் அதில் வரும். உயிலைப் பதிய வேண்டும் என்று கட்டாயமே இல்லை. அண்ணன் தம்பிகள் விற்ற பூர்வீக வீட்டில் கையெழுத்துப் போடாத சகோதரிக்குப் பங்கு இருந்தாலும் ஈ.சி. அதைச் சொல்லாது. மகள்களுக்கு அந்தப் பங்கைத் தமிழ்நாடு 1989-லும் மத்திய அரசு 2005-லும் தந்தன. அதனால்தான் வக்கீல்கள் மூலப்பத்திரத்தோடு வாரிசுச் சான்றையும் கேட்டு உயிரை எடுக்கிறார்கள்.

பவர் பத்திரத்தை மட்டும் வாங்கிக்கொண்டு குடிபோனவர்களுக்கு 2011-ல் உச்ச நீதிமன்றம் அதிர்ச்சி கொடுத்தது. அது கிரயமே ஆகாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டது.

முந்தைய மூலப்பத்திரத்தைக் காட்டாவிட்டால் பதிவு செய்ய மறுக்கலாம் என்று தமிழக அரசு 2022-ல் ஒரு விதி கொண்டுவந்தது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 1908 சட்டப்படி, விற்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று விசாரிக்கும் அதிகாரம் பதிவு அதிகாரிக்குக் கிடையாதாம்!