கிளட்சில் இருந்த தோலும் கண்ணுக்குத் தெரியாத பேரிங்கும்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை, மேல்விஷாரம்... இந்த ஊர்களின் பெயரைக் கேட்டதும் நினைவுக்கு வருவது தோல். அது ஷூவாகவும் கையுறையாகவும் மாறுவது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒரு காலத்தில் காரின் கிளட்சுக்குள்ளேயும் தோல்தான் இருந்தது என்பது பலருக்குத் தெரியாது. அந்தத் தோல் போய்விட்டது. அதன் நடுவில் இருந்த ஒரு சின்ன உறுப்பு மட்டும் நூறு ஆண்டுகளைத் தாண்டி இன்றும் இருக்கிறது. அதன் பெயர் பைலட் பேரிங்.

இயந்திரங்களில் தோல்

வட ஆற்காடு பகுதியில் தோலை ஆவாரம் பட்டையால் பதனிட்டார்கள். கடுக்காயும் பயன்பட்டது. இப்படிப் பதனிட்ட தோல் லண்டன் சந்தைக்கு ஏற்றுமதியானது. முதல் உலகப் போரின்போது (1914-1918) பிரிட்டிஷ் படைவீரர்களின் பூட்ஸ் மேல்பகுதிக்கு இந்தத் தோல் பெருமளவில் தேவைப்பட்டது.

ஆனால் அன்று தோலின் வேலை காலணியோடு முடியவில்லை. பட்டறைகளில் ஒரே எஞ்சினிலிருந்து பல இயந்திரங்களைச் சுழற்றியது தோல் பெல்ட். மோட்டார் பம்ப் வருவதற்கு முன், கிணற்றில் மாடு கட்டி இறைத்த கவலை ஏற்றத்திலும் தோல் இருந்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் என்ற பொறியாளர் சென்னையில் குரோம் முறையில் தோல் பதனிடும் சோதனைகளைச் செய்தார். தண்ணீரில் நனைந்தாலும் கெடாத குரோம் தோல், கவலைக்கு ஏற்றது என்பது அவர் கண்ட பயன்களில் ஒன்று. பிறகு அந்த முறையில் இயங்கிய குரோம் லெதர் கம்பெனியின் பெயரால்தான் சென்னையின் குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்தது.

கிளட்ச் எதற்கு?

சென்னை சிம்சன் நிறுவனத்தில் 1903-ல் உருவான கார் நீராவியால் ஓடியது. நீராவி எஞ்சின் நின்ற நிலையிலிருந்தே வண்டியை இழுக்கும். அதனால் அதற்குக் கிளட்ச் தேவையில்லை. பெட்ரோல் எஞ்சின் அப்படியல்ல. அது எப்போதும் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும், நின்றால் அணைந்துவிடும். எனவே சுற்றும் எஞ்சினை நிற்கும் சக்கரத்தோடு மெல்ல மெல்லச் சேர்க்க ஒரு கருவி தேவைப்பட்டது. அதுதான் கிளட்ச்.

ஆரம்பகாலக் கார்கள் பலவற்றில் இருந்தது கூம்பு வடிவக் கிளட்ச். ஃப்ளைவீலின் உள்ளே ஒரு கூம்புப் பள்ளம், அதற்குள் அழுந்தி உட்காரும் இன்னொரு கூம்பு. அந்த உள் கூம்பின் மேல் சுற்றி ஒட்டியிருந்தது தோல். புகழ்பெற்ற ரோல்ஸ் ராய்ஸ் சில்வர் கோஸ்ட் காரிலும் தோல் கிளட்ச்தான். தோல் காய்ந்துபோனால் கிளட்ச் வெடுக்கென்று பிடிக்கும், அப்போது விளக்கெண்ணெய் போன்ற எண்ணெய் தடவுவார்கள். எண்ணெய் அதிகமானால் வழுக்கும், அப்போது மண் பொடி தூவுவார்கள். செருப்புக்குச் செய்யும் பராமரிப்பை அன்றைய டிரைவர்கள் கிளட்சுக்கும் செய்தார்கள்!

கூம்பு சரியாக நடுவில் உட்கார வேண்டும் அல்லவா? இல்லையென்றால் தோல் ஒரு பக்கமாகத் தேய்ந்துவிடும். அதற்காகச் சுழலும் தண்டின் நடுவில் ஒரு புஷ் வைத்தார்கள். இன்றைய பைலட் பேரிங்கின் மூதாதை அதுவே எனலாம்.

தோல் போனது

இங்கிலாந்தில் ஹெர்பர்ட் ஃபுரூட் என்பவர் 1897-ல் தொடங்கிய முயற்சியிலிருந்து ஃபெரோடோ நிறுவனம் வளர்ந்தது. ஆஸ்பெஸ்டாஸ் கலந்த லைனிங் வெப்பத்தைத் தாங்கியது. கூம்பின் இடத்தை மெல்ல மெல்லத் தட்டையான கிளட்ச் பிளேட் பிடித்துக்கொண்டது. தோலுக்கு அங்கே வேலை இல்லாமல் போனது. ஆனால் தோல் தேய்ந்தபோது இல்லாத ஆபத்து இப்போது வந்தது. ஆஸ்பெஸ்டாஸ் தூசு நுரையீரலுக்குள் போனால் புற்றுநோய் வரை கொண்டுபோகும். எனவே பழைய கிளட்சைக் கழற்றும்போது தூசை வாயாலோ காற்றாலோ ஊதுவது தவறு, ஈரத் துணியால் துடைப்பதே சரி. இன்று ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத பிளேட்டுகள் வந்துவிட்டன.

இவ்வளவு மாறியும் நடுவில் இருந்த புஷ் போகவில்லை. கியர்பாக்ஸிலிருந்து நீண்டு வரும் இன்புட் ஷாஃப்டின் மூக்கு, கிராங்க் ஷாஃப்டின் நுனியில் உள்ள துளைக்குள் உட்காரும். அந்தத் துளையில் இருப்பதே பைலட் பேரிங். வண்டி கியரில் ஓடும்போது கிராங்க்கும் ஷாஃப்டும் ஒரே வேகத்தில் சேர்ந்தே சுற்றுவதால் இதற்கு வேலையே இல்லை. கிளட்சை மிதிக்கும்போது மட்டும்தான் இது உழைக்கிறது. அதனால்தான் இது பழுதானால் கிளட்சை மிதிக்கும்போது மட்டும் சத்தம் வரும்.

ஆட்டோமேட்டிக் வந்தபோது

அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் 1939-ல் ஹைட்ராமேட்டிக் என்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை அறிமுகப்படுத்தியது. 1948-ல் ப்யூக் கார்களில் டார்க் கன்வெர்ட்டர் வந்தது. கிராங்க்கின் நுனியில் கன்வெர்ட்டரின் நடுப்பகுதி போய் உட்கார்ந்துகொண்டது. அங்கே பைலட் பேரிங்குக்கு இடமில்லை, தேவையும் இல்லை. சில தொழிற்சாலைகள் ஆட்டோமேட்டிக் கார்களுக்கான கிராங்க்கில் அந்தத் துளையைச் சரியான அளவுக்குக் கடைவதைக்கூட விட்டுவிட்டன.

சிக்கல் இங்கேதான். ஆட்டோமேட்டிக் காரிலிருந்து எடுத்த எஞ்சினை மேனுவல் கியர்பாக்ஸோடு சேர்ப்பவர் ஃப்ளைவீல், பிளேட், பெடல் எல்லாவற்றையும் மாற்றுவார். பேரிங்கை மறந்துவிடுவார். மூக்குக்குத் தாங்கல் இல்லாததால் ஷாஃப்ட் ஆடும், கியர் விழ மறுக்கும், கியர்பாக்ஸின் முன் பேரிங் சீக்கிரம் கெடும். ஐந்து நிமிட வேலையை விட்டதற்காகக் கியர்பாக்ஸை மறுபடியும் முழுதாக இறக்க வேண்டும்.

இந்தியாவில் ஆட்டோமேட்டிக் கார்கள் நீண்ட காலம் அபூர்வம். இங்கே அதிகம் நடந்தது அம்பாசடரில் பெட்ரோல் எஞ்சினை எடுத்துவிட்டு டீசல் எஞ்சின் வைப்பது. அங்கேயும் பார்க்க வேண்டியது இதையேதான். ஒரு குடும்பத்து எஞ்சினின் துளைக்குள் இன்னொரு குடும்பத்து கியர்பாக்ஸின் மூக்கு பொருந்துமா? பொருந்தாவிட்டால் லேத் பட்டறையில் அளவுக்கு ஒரு கன்மெட்டல் புஷ் கடைய வேண்டியதுதான். 2014-ல் மாருதி செலேரியோவில் வந்த ஏ.எம்.டி. வேறு வகை. அது மேனுவல் கியர்பாக்ஸேதான், கிளட்சைக் காலுக்குப் பதில் ஒரு கருவி இயக்குகிறது. முன்சக்கரம் இழுக்கும் கார்கள் பலவற்றில் ஷாஃப்டை கியர்பாக்ஸே இரு பக்கமும் தாங்கிக்கொள்வதால் பைலட் பேரிங்கே கிடையாது.

பொருத்தும் முறை

முதலில் துளையின் விட்டத்தையும் மூக்கின் விட்டத்தையும் அளக்க வேண்டும். மூக்கு எவ்வளவு ஆழம் நுழைகிறது என்பதையும் பார்க்க வேண்டும். பழைய பேரிங் வர மறுத்தால் அதன் பின்னால் கிரீஸை நிரப்பி, துளைக்குச் சரியாகப் பொருந்தும் கம்பியை வைத்துத் தட்டினால், கிரீஸின் அழுத்தம் பேரிங்கை வெளியே தள்ளிவிடும். புதியதை அடிக்கும்போது வெளி வளையத்தில் மட்டுமே அடி விழ வேண்டும், உள் வளையத்தில் விழுந்தால் பேரிங் அன்றே பாழ். எண்ணெய் ஊறும் வெண்கல புஷ் என்றால் பொருத்துமுன் எண்ணெயில் ஊற வைப்பார்கள். கிரீஸை அள்ளிப் பூசக்கூடாது, அது தெறித்துக் கிளட்ச் பிளேட்டை வழுக்கச் செய்யும். கடைசியாக ஒரு பழைய ஷாஃப்டை நுழைத்துப் பிளேட்டை நடுவில் நிறுத்திய பிறகே போல்ட்டுகளை முறுக்க வேண்டும். சட்டப்படி, எஞ்சினை மாற்றப் பதிவு அலுவலகத்தின் அனுமதி தேவை என்பதையும் மறக்கக்கூடாது.

தோல் கிளட்சை விட்டுப் போனாலும் பாலாற்றங்கரை ஊர்கள் காலணியில் புதிய வாழ்வைத் தேடிக்கொண்டன. கிளட்சிலோ தோல் போய் ஆஸ்பெஸ்டாஸ் வந்தது, அதுவும் போய்க்கொண்டிருக்கிறது. ஆனால் சுற்றுவதையும் நிற்பதையும் ஒரே கோட்டில் பிடித்து நிறுத்த நடுவில் ஒன்று தேவை என்ற கணக்கு மட்டும் மாறவில்லை. எஞ்சின் மாற்றுபவர் முதலில் பார்க்க வேண்டியதும் அந்தத் துளையைத்தான்.