அட்டன்பரோ: தொடங்கியவரும் எஞ்சியவரும்

'காந்தி' (1982) படத்தின் இயக்குநரால் நமக்கும் பழகிப்போன பெயர் அட்டன்பரோ. இங்கிலாந்தில் அது அரிய குடும்பப்பெயர். நாட்டிங்ஹாம் நகருக்குத் தென்மேற்கே, டிரெண்ட் ஆற்றங்கரையில் அதே பெயரில் ஒரு சிற்றூர் உண்டு. அங்கிருந்தே குடும்பப்பெயர் வந்தது என்பதில் கருத்து வேறுபாடில்லை. ஆனால் ஊர் கிடைத்ததும் பெயரின் வரலாறும் கிடைத்துவிட்டதாக நினைப்பது பிழை.

முன்பகுதியை 'அட்டன்' எனப் பிரித்து, அட்வுட், அட்வெல் ஆகியவற்றில் உள்ளதுபோல 'இன்ன இடத்தில்' என்று பொருள் கொள்ளத் தோன்றும். அது பொருந்தாது. ஊர்ப்பெயரின் 12ஆம் நூற்றாண்டு வடிவம் 'அடின்புர்க்கா'. முன்னிற்பது ஓர் ஆளின் பெயர். பின்னிற்பது அரணைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல்.

ஊர்ப்பெயர் ஆளோடு ஒட்டுவது எப்போது? சொந்த ஊரில் எல்லாருமே அவ்வூர்க்காரர். அங்கே அப்பெயர் எவரையும் பிரித்துக் காட்டாது. புறப்பட்டுப் போய் வேற்றூரில் குடியேறியவரைத்தான் அப்படி அழைப்பார்கள். ஆகவே குடும்பப்பெயர் பிறந்தது அட்டன்பரோவில் அன்று, அதன் அக்கம்பக்கத்தில். இயக்குநரின் தந்தை ஃபிரெடெரிக் 1887இல் பிறந்த ஸ்டேப்பிள்ஃபோர்டுகூட அங்கிருந்து சில மைல்தான். (அவர் பழைய ஆங்கிலச் சட்டங்களைப் பதிப்பித்த அறிஞர், அவர் முதல்வராயிருந்த லெஸ்டர் கல்லூரி பின்னர் பல்கலைக்கழகமாயிற்று.)

அந்தப் பல்கலைக்கழகத்தின் டூரி கிங்கும் மார்க் ஜாப்லிங்கும் 2009இல் வெளியிட்ட ஆய்வு, 40 பிரித்தானியக் குடும்பப்பெயர்களைத் தாங்கிய 1,678 ஆண்களிடம், குடும்பப்பெயரைப் போலவே தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்லும் ஒய் குரோமோசோம்களை ஒப்பிட்டது. ஸ்மித் என்ற பெருவழக்குப் பெயரில் உறவு தென்படவில்லை. அட்டன்பரோக்களில் 87 விழுக்காட்டினர் ஒரே மூதாதையின் வழியினர்.

அப்படியானால் பெயரைச் சூடியவர் ஒருவர்தானா? அம்முடிவை என்னால் ஏற்க இயலவில்லை. குடும்பப்பெயர்கள் ஏன் அழிகின்றன என்ற கேள்விக்கு கால்டன், வாட்சன் என்ற ஆங்கில அறிஞர்கள் இருவர் 1874இல் கணித விடை தேடினர். எல்லாப் பெயரும் ஒருநாள் அழியும் என்ற அவர்களின் முடிவு தவறு. ஆனால் பெரும்பாலான ஆண்வழிகள் சில தலைமுறைகளுக்குள் தற்செயலாகவே அற்றுப்போகும் என்பது உண்மை. போதாக்குறைக்கு, குடும்பப்பெயர்கள் நிலைபெற்றுவந்த காலத்தில்தான், 1348இல், கொள்ளைநோய் இங்கிலாந்துக்குள் நுழைந்தது. தொடக்கத்தில் நால்வர் இப்பெயரைப் பெற்று, மூவரின் வழி பெண்மக்களோடு நின்றிருந்தாலும் இன்றைய மரபணுப் படம் இப்படியேதான் இருக்கும். குரோமோசோம் எஞ்சியவரைக் காட்டும். தொடங்கியவர்களை எண்ணித் தராது.

மீதி 13 விழுக்காட்டையும் மறக்கலாகாது. தத்துப்பிள்ளை, தாயின் பெயரைப் பெற்ற பிள்ளை, மணத்துக்குப் புறம்பான பிறப்பு என்று அதற்குக் காரணம் சொல்வது வழக்கம். ஆனால் அந்த 13 விழுக்காட்டினருள் இரண்டாம் தொடக்கக்காரர் ஒருவரின் வழியினரும் இருக்கக்கூடும். இதைத் தீர்க்க 1538இல் தொடங்கும் தேவாலயப் பதிவேடுகள் போதா. அதற்கு முந்தைய பண்ணை நீதிமன்றச் சுருள்களையும் வரிப்பட்டியல்களையும் ஊர் ஊராகப் புரட்டியாக வேண்டும். பெயராய்வாளர் இனி இறங்க வேண்டிய வேலை அது.